பக்கவாதத்துக்குப் பிறகு தம்பதியாகச் செய்யும் மூச்சு, தளர்வுப் பயிற்சி: எது சரிவரும், எது கூடாது?

செல்வி_திருச்சி:
கணவருக்கு வயது 58. பக்கவாதம் வந்து எட்டு மாதம். இடது கை விரல்கள் மூடியே இருக்கின்றன, ஊன்றுகோலோடு நடக்கிறார். பிபி மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் போகிறது. பிசியோ வருகிறார். ஆனால் ராத்திரியானால் அவருக்கு எரிச்சல், எனக்கு முதுகுவலி, இருவருக்கும் தூக்கமில்லை. யோகா வகுப்பில் கபாலபாதி, மூச்சை அடக்குவது, தரையில் சவாசனம் சொன்னார்கள். யூடியூபில் தம்பதிகள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்கிறார்கள். உடம்பை இறுக்கித் தளர்த்தும் ஜேக்கப்சன் முறையும் கண்ணில் பட்டது. எதைச் சேர்ந்து செய்யலாம்? எண்ணெய் தேய்க்கலாமா? நடுநடுவே காரணமில்லாமல் அழுகிறார், அப்போது நிறுத்திவிட வேண்டுமா?

பிசியோ_குமரன்:
அக்கா, கபாலபாதியும் கும்பகமும் (மூச்சை அடக்குவது) வேண்டாம். வயிற்றை வேகமாக உதறுவதும், மூச்சைப் பிடித்து முக்குவதும் பிபியைச் சட்டென்று ஏற்றும். முதுகோடு முதுகும் வேண்டாம். உடம்பின் நடுப்பகுதி இடப்பக்கம் சாய்கிறவருக்கு அது விழும் வழி. தரையில் படுத்தால் எழுப்புவது உங்கள் முதுகு, அதையும் மறந்துவிடுங்கள்.

கைப்பிடி உள்ள நாற்காலியில் அவர் உட்காரட்டும். பாதம் இரண்டும் தரையில் பதியணும், எட்டாவிட்டால் பலகை வையுங்கள். இடது முழங்கை முதல் விரல் வரை தலையணை மேல். கை தொங்கினால் தோள்மூட்டு இறங்கி வலி வரும், வலி வந்தால் எந்தத் தளர்வும் நடக்காது. நீங்கள் எதிரே உட்கார்ந்து அவர் வலது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நிமிடம் எண்ணவே வேண்டாம். அவர் மூச்சு எப்படிப் போகிறதோ அதை நீங்கள் பின்பற்றுங்கள். பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது: நன்றாக இருப்பவர் வேகம் வைக்கிறார், மற்றவர் அதற்கு ஈடுகொடுக்கத் தோளைத் தூக்கி இழுக்கிறார், கை இன்னும் விறைக்கிறது. பிறகு மூன்று எண்ணி உள்ளே, ஐந்து எண்ணி வெளியே. பழகினால் நான்கு, ஆறு. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் போதும். தலை கிறுகிறுத்தால் அளவுக்கு மீறி ஆழமாக இழுக்கிறார் என்று அர்த்தம், எண்ணுவதை விட்டுச் சாதாரண மூச்சுக்கு வந்துவிடுங்கள்.

ஜேக்கப்சன் முறையில் ஒரு சிக்கல். வலது கையை முழு பலத்தோடு இறுக்கினால் இடது முழங்கை தானே மடங்கும், விரல் இன்னும் மூடும். அதனால் வலப்பக்கம் மட்டும், கால்வாசி பலத்தில், ஐந்து வினாடி இறுக்கி இருபது வினாடி விடச் சொல்லுங்கள். அப்படியும் இடது முழங்கை மடங்கினால் பலத்தைக் குறையுங்கள். இடப்பக்கத்தை இறுக்கவே வேண்டாம், அங்கே மனதை வைத்து ‘விடு’ என்று நினைத்தால் போதும்.

படுத்துச் செய்வதானால் கட்டிலில் வலது பக்கமாக ஒருக்களித்து, இடது கையும் காலும் முன்னால் தலையணை மேல். மல்லாந்து நேராகப் படுத்தால் சிலருக்குக் கால் விறைப்பு கூடும். முடிந்ததும் உடனே நிற்கவிடாதீர்கள். பிபி மாத்திரை எடுப்பவர் இரண்டு நிமிடமாவது கட்டில் ஓரத்தில் உட்காரணும்.

நர்ஸ்_லதா:
எண்ணெய் தேய்ப்பது பற்றி. தேய்க்கலாம், அழுத்தக் கூடாது. ரத்தம் உறையாத மாத்திரையில் இருப்பவருக்கு அழுத்தினால் கன்றிப்போகும். இடப்பக்கம் சூடு தெரியாமல் இருக்கலாம், எனவே எண்ணெயின் சூட்டை உங்கள் கையிலும் அவர் வலது கையிலும் பார்த்துவிட்டுத் தடவுங்கள். ஒத்தட பை வேண்டாம்.

மூடிய விரலை நுனியில் பிடித்து இழுக்கவே கூடாது. முதலில் மணிக்கட்டை உள்பக்கம் மெதுவாக மடக்குங்கள், விரலை மடக்கும் தசை தளர்ந்து கொடுக்கும். கட்டைவிரலை அடிப்பகுதியில் பிடித்து வெளியே எடுத்து, பிறகு மற்ற விரல்களை விரித்து, கடைசியாக மணிக்கட்டை நிமிர்த்தி அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். வேகமாகச் செய்தால் கை துள்ளும். கையைத் தோளுக்கு மேல் தூக்குவது பிசியோ கற்றுத் தந்த பிறகுதான்.

ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி, சூடாக, வலித்தால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை.

ஆலோசகர்_நிலா:
அழுகைக்கு வருகிறேன். பக்கவாதத்துக்குப் பிறகு, மனதில் அவ்வளவு வருத்தம் இல்லாமலேயே அழுகையோ சிரிப்போ பொத்துக்கொண்டு வருவது உண்டு. மூளையின் கட்டுப்பாடு தளர்ந்ததால் வருவது. ‘ஏன் அழறீங்க?’ என்று கேட்டால் நீளும். ‘தானா வருதா, மனசு கஷ்டமா?’ என்று ஒரு தடவை கேளுங்கள். தானாக வருகிறது என்றால் கையை விடாமல், ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று பேச்சை மாற்றுங்கள், அடங்கியதும் தொடரலாம். மனக்கஷ்டம் என்றால், சாப்பாட்டிலும் தூக்கத்திலும் ஆர்வம் போயிருந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு வருகிறது. இரண்டுக்குமே மருந்து இருக்கிறது, நரம்பியல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூச்சு முடிந்ததும் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேச்சு. டைமர் வையுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் பதில் சொல்லக் கூடாது; மாத்திரை, பில், பிசியோ பேச்சு எடுக்கக் கூடாது. பயிற்சி நேரத்தில் ‘கையை நேரா வைங்க’ என்று திருத்துவதுதான் அதிகம் கெடுக்கிறது, அக்கா. நாள் முழுக்க நர்ஸாக இருப்பவர் அந்தப் பத்து நிமிடமாவது மனைவியாக இருக்கட்டும். உங்களுக்கென்று தனியாகவும் பத்து நிமிடம் வேண்டும், அவர் தூங்கும் நேரத்தில், வேறு அறையில்.

இன்னொன்று, யாரும் கேட்க மாட்டார்கள், நானே சொல்கிறேன். தாம்பத்திய விருப்பம் குறைந்திருந்தால் பிபி மாத்திரையும் காரணமாக இருக்கலாம். தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள், மாற்று உண்டு.

செல்வி_திருச்சி:
நன்றி. ஒரு சந்தேகம்: கொட்டாவி விடும்போது அவர் இடது கை தானாக மேலே எழும்புகிறது. கை திரும்பி வருகிறதா, இல்லை வலிப்பா?

பிசியோ_குமரன்:
இரண்டும் இல்லை. கொட்டாவியோடு கை எழும்பி, கொட்டாவி முடிந்ததும் இறங்கிவிட்டால் அது அவர் நினைக்காமலே தானாக நடக்கும் அனிச்சைச் செயல். அமுக்கிப் பிடிக்க வேண்டாம், விட்டுவிடுங்கள். கொட்டாவி இல்லாமல் கை உதறினாலோ, நினைவு தடுமாறினாலோ, வாய் புதிதாகக் கோணினாலோ, பேச்சு குழறினாலோ 108. தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.