கல்யாணப் பாட்டும் வங்கி விளம்பரமும்

சாட்ஸ்வர்த், டர்பனிலிருந்து:

1977ஆம் ஆண்டு என் அக்காவின் திருமணம் எங்கள் ஊர்ப் பள்ளி மண்டபத்தில் நடந்தது. காலையில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கத் தாலி ஏறியது. மாலை வரவேற்பில் தெருப் பையன்கள் நால்வர் கிட்டாரும் டிரம்ஸும் கொண்டுவந்து, அமெரிக்க அண்ணன்-தங்கை இசைக்குழுவான கார்பென்டர்ஸ் பாடிப் புகழ்பெற்ற ‘வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்’ (இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம்) பாடலை வாசித்தார்கள். ஆங்கிலம் அரைகுறையாகவே புரிந்த என் அத்தைகூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. திருமணத்திற்கென்றே யாரோ உருகி எழுதிய பாட்டு அது என்று முப்பது ஆண்டுகளுக்குமேல் நான் நம்பியிருந்தேன்.

அது கலிபோர்னியாவின் குரோக்கர் வங்கிக்காக 1970இல் எழுதப்பட்ட விளம்பரப் பாட்டு என்பதைப் பிற்பாடு ஓர் இசைக் கட்டுரையில் படித்தபோது சற்று நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொற்கள் பால் வில்லியம்ஸுடையவை, மெட்டு ராஜர் நிக்கல்ஸுடையது. இளம் ஜோடி ஒன்று மணம் முடித்துக் காரில் புறப்படும், பின்னணியில் வில்லியம்ஸே பாடுவார், இறுதியில் வங்கியின் பெயர் வரும், அவ்வளவுதான் விளம்பரம். அதைத் தொலைக்காட்சியில் கண்ட ரிச்சர்ட் கார்பென்டர் குரலை அடையாளம் கண்டுகொண்டு, முழுப் பாட்டும் இருக்கிறதா என்று கேட்டாராம். இல்லாத பாட்டை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பிறகு மீதியை எழுதிச் சேர்த்ததை வில்லியம்ஸே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அதே ஆண்டில் அது அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது.

விளம்பரங்கள் எங்களுக்குப் புதியவை அல்ல. தொலைக்காட்சியே 1976 ஜனவரியில்தான் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது. அதுவரை ஸ்பிரிங்பாக் வானொலியே கதி, அதில் பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் நடுவே சுவர் இருந்ததாகத் தோன்றாது. ‘பிராய்ஃப்ளெய்ஸ், ரக்பி, சன்னி ஸ்கைஸ் அண்ட் செவ்ரோலே’ என்று கார் விளம்பரம் ஒன்று அந்த எழுபதுகளில் ஒலிக்கும். அதன் அமெரிக்க மூல விளம்பரத்தில் பேஸ்பாலும் ‘ஆப்பிள் பை’ பலகாரமும் இருந்த இடத்தில் இங்கே சுட்ட இறைச்சியும் ரக்பியும் வந்து அமர்ந்திருந்தன. எங்கள் மாமாக்கள் கர்ரிஸ் ஃபவுண்டன் மைதானத்தில் கால்பந்து பார்த்தவர்கள். வாரயிறுதியில் ஆட்டுக்கறி சமைத்தவர்கள். செவ்ரோலே வாங்க வசதி இல்லாதவர்கள். அந்தப் பட்டியலில் எங்களுக்கென்று எஞ்சியது வெயில் ஒன்றுதான். ஆனாலும் பஸ் நிறுத்தத்தில் அதை உரக்கப் பாடியவர்கள் நாங்களே.

என்னை உண்மையில் நோகச் செய்தது வேறொரு பாட்டு. பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லென்னன் ஏசுவைவிடத் தாங்கள் பிரபலம் என்று பேசியது வெளியானதும், 1966இல் தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகம் பீட்டில்ஸ் பாடல்களைத் தடைசெய்தது. ஆகவே ‘ஹே ஜூட்’ இசைத்தட்டின் மறுபக்கத்தில் 1968இல் வந்த ‘ரெவல்யூஷன்’ பாடலை, கிரே தெருவில் மாமா வாங்கிவந்த தட்டில், கதவைச் சாத்திக்கொண்டுதான் முதலில் கேட்டேன். தட்டை வாங்குவது குற்றமல்ல. இருந்தும் கதவைச் சாத்தினோம். அதே பாட்டு, அதே ஒலிப்பதிவு, 1987இல் நைக்கி காலணி விளம்பரத்தில் ஒலித்தது என்று பின்னாளில் அறிந்தேன். அரசு காதைப் பொத்திக்கொண்ட பாட்டு, காலில் மாட்டும் பொருளை விற்கப் போயிருந்தது. பாடலின் உரிமை 1985 முதல் மைக்கேல் ஜாக்சனிடம் இருந்ததால், எழுதியவர்கள் பக்கம் கேட்க வேண்டிய கட்டாயமே இல்லாமல் போயிற்று. பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனம் தொடுத்த வழக்கு 1989இல் சமரசமாக முடிந்தது.

வங்கியிலிருந்து திருமண மண்டபத்துக்கு வந்த பாட்டு மேலே ஏறியது, அந்தத் தட்டிலிருந்து காலணிக்குப் போன பாட்டு கீழே இறங்கியது என்பதே என் கணக்கு. அக்காவிடம் மட்டும் வங்கிக் கதையை இன்றுவரை சொல்லவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

அண்ணா, உங்கள் கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. தொண்ணூறுகளின் இறுதியில் நான் இங்கிலாந்தில் செவிலியாக வேலை பார்த்தேன். இரவுப்பணி முடித்து, பலர் பங்கிட்டுக்கொண்ட சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், பின்னால் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியிலிருந்து ஜூலு ஆண்குரல்கள் அடுக்கடுக்காக எழுந்தன. திரும்பிப் பார்த்தால் ஹைன்ஸ் பீன்ஸ் டப்பா! பாடியவர்கள் எங்கள் மாகாணத்து லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ பாடகர் குழுவினர். பாட்டு ‘இன்கன்யேசி நெசாசி’, அதாவது விண்மீனும் ஞானிகளும், ஏசு பிறப்பைப் பற்றியது. சர்க்கரை போட்ட தக்காளிச் சாற்றில் மிதக்கும் அந்த பீன்ஸுக்கும் பெத்லகேமுக்கும் என்ன தொடர்பு என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டில் பீன்ஸ் என்றால் மசாலா போட்டு வேகவைத்து, குடைந்த ரொட்டிக்குள் ஊற்றிய ‘பன்னி சௌ’ என்னும் டர்பன் உணவுதான்.

இருந்தாலும் நின்ற இடத்திலேயே நின்று, விளம்பரம் முடியும்வரை கேட்டேன், தேநீர் ஆறிப்போனது. அன்று என் பக்கத்தில் ஊர்க்காரர் எவருமில்லை. அந்த வார்டில் என் பெயரைச் சரியாக உச்சரிப்பவரும் இல்லை. அந்த விளம்பரத்தால் அவர்கள் இசைத்தட்டு அங்கே பெரிதும் விற்றதாகப் பின்னர் அறிந்தேன். மூன்று வாரம் கழித்து என் பக்கத்து அறைப்பெண்ணே அதை வாங்கிவந்து, இது உன் ஊர்ப்பாட்டுதானே என்று கேட்டாள். எது ஏறிற்று, எது இறங்கிற்று என்று அன்று நான் பார்க்கவில்லை. அக்காவிடம் சொல்லிவிடுங்கள் அண்ணா, அவருக்குத் தெரியவேண்டிய செய்தி அது.

சாட்ஸ்வர்த், டர்பனிலிருந்து:

தங்கையின் சொல்லைத் தட்டாமல் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய், பழைய விளம்பரத்தைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். அக்கா முதலில் மணப்பெண்ணின் உடையைப் பார்த்தார், பிறகு பாட்டைக் கேட்டார், வங்கியின் பெயர் வந்ததும் அத்தானைப் பார்த்தார். “இந்த வீட்டுக்கு இருபது வருஷம் தவணை கட்டினோமே, அப்போதே சொல்லித்தானே வாசித்திருக்கிறார்கள்,” என்றார். அத்தான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு முறை போடச் சொன்னார்.