மைப்படி ஸ்கேன்களை லாஸ்லெஸ்ஸா (பிக்சல் மாறாம) சுருக்குறது: ஆக்ஸிபிஎன்ஜி போதுமா, வெப்பிக்குப் போகலாமா?

தகடூர்_நிரலர்:
தர்மபுரி, கிருஷ்ணகிரி நடுகற்களுக்கான திறந்த மூல ஆண்ட்ராய்டு செயலிங்க. அஞ்செட்டி, பென்னாகரம் மலைப்பக்கம் சிக்னலை நம்ப முடியாது, அதனால படமெல்லாம் செயலிக்குள்ளயே இருக்கணும். கல்வெட்டு மைப்படி, அதாவது கல்லு மேல தாளை வெச்சு மை ஒத்தி எடுக்கிற நகல், அதோட ஸ்கேன் (ஏ4, 300 டிபிஐ, பிஎன்ஜி) ஒவ்வொண்ணும் 14, 15 எம்பி. கூடவே கேமரா ஜேபெக், ஐகான்கள். எழுத்து வாசிக்கிறவங்க ஒரு பிக்சல்கூட மாறக்கூடாதுங்கறாங்க. பிஎன்ஜியைச் சுருக்குற ஆக்ஸிபிஎன்ஜி கருவில நிலை 4 வெச்சு ஓட்டினேன், 6 சதவீதம்தான் குறைஞ்சது. அதோட இன்னும் மெதுவான ஸாப்ஃப்ளி முறையைச் சேர்த்தா இறங்குமா? இல்ல எல்லாத்தையும் வெப்பி (WebP) படவடிவம் ஆக்கிடலாமா?

அரூர்_பிட்:
ஸாப்ஃப்ளி போட்டா நேரம்தான் போகும். பிஎன்ஜிக்குள்ள இருக்கிறது டிஃப்ளேட்ங்கிற சுருக்க முறை. முன்னாடி 32 கேபிக்குள்ள வந்த பைட் வரிசை மறுபடி வருதான்னு தேடுறதுதான் அதோட வேலை. ஸாப்ஃப்ளி அதையே இன்னும் பொறுமையா தேடும். ஸ்கேனர் இரைச்சல் மறுபடி வர்ற சரக்கே இல்ல, எவ்வளவு தேடினாலும் என்ன கிடைக்கும்?

கோளாறு அதுக்கு முன்னாடியே இருக்கு. ஏ4 300 டிபிஐன்னா 2480 × 3508, கிட்டத்தட்ட 87 லட்சம் பிக்சல். கலர்ல எடுத்தா சுருக்காம 26 எம்பி, 8 பிட் சாம்பல்ல 8.7 எம்பி. உங்க 15 எம்பி அளவைப் பார்த்தா கலர் மோடுல ஸ்கேன் பண்ணியிருக்கீங்க. சிவப்பு, பச்சை, நீலம் மூணும் எல்லாப் பிக்சல்லயும் சமமா இருந்தா ஆக்ஸிபிஎன்ஜி தானாவே சாம்பலுக்கு இறக்கிடும். ஆனா தாளோட மஞ்சள் 201, 199, 194னு பதிவாகும். அப்படி ஒரே ஒரு பிக்சல் இருந்தாலும் இறக்காது. இறக்கினா அது இழப்பு.

முடிஞ்சா சாம்பல் மோடுல திரும்ப ஸ்கேன் பண்ணுங்க. முடியலைன்னா பச்சை சேனலை மட்டும் பிரிச்சு எடுங்க, மூலத்தைத் தனியா பத்திரப்படுத்துங்க. அது லாஸ்லெஸ் இல்லங்கிறதை ரீட்மீல எழுதியும் வெச்சிடுங்க.

1 பிட் கறுப்பு வெள்ளை ஆக்கினா 1.1 எம்பிக்குக் கீழ போகும்தான், ஆனா அந்த ஆசையே வேண்டாம். மை ஒத்தும்போது தாள் குழிக்குள்ள இறங்கின இடம் வெள்ளையா நிக்கும், விளிம்புல மை மங்கலாப் படியும். உளி இறங்கின வெட்டா, கல்லு பொரிஞ்ச குழியான்னு காட்டுறது அந்த மங்கல்தான்.

பர்கூர் கிளை:
மேல சொன்னது சரி. ஆனா சுருக்கினதை அப்படியே கமிட் பண்ணிடாதீங்க. கிட் (கோப்புகளோட மாற்ற வரலாற்றை வெச்சிருக்கிற கருவி) பழசை மறக்காது. 15 எம்பி படம் 100 இருந்தா வரலாறு 1.5 ஜிபி. அதையெல்லாம் 5 எம்பி ஆக்கிக் கமிட் பண்ணினா வரலாறு 2 ஜிபி ஆகும், குறையாது. டிஃப்ளேட் ஆன பைட்டுகள்ல பழசுக்கும் புதுசுக்கும் ஒத்த பகுதி கிடைக்காது, அதனால வித்தியாசத்தை மட்டும் சேமிக்கிற கிட்டோட டெல்டாவும் கைகொடுக்காது. ஃபில்டர் ரெப்போ கருவியை வெச்சு ஒரே தடவை வரலாற்றை வெட்டி, எல்லாரையும் புதுசா குளோன் பண்ணச் சொல்லணும். பழைய ஃபோர்க்ல இருந்து யாராச்சும் மெர்ஜ் பண்ணினா வெட்டினது திரும்ப உள்ள வந்துடும், அதையும் முன்னாடியே சொல்லிடுங்க. மூலக் கோப்புகள் எல்எஃப்எஸ்ல (பெரிய கோப்புகளைத் தனியா வைக்கிற கிட் வசதி) இருக்கட்டும்.

ஆக்ஸிபிஎன்ஜி எதுவும் சொல்லலைன்னா அதே கோப்பு மேலயே எழுதும், வேற டைரக்டரி குடுங்க. கூடுதல் தகவலை நீக்குற ஸ்ட்ரிப் விருப்பத்துக்கு 'சேஃப்' போட்டா டிபிஐ, நிற விவரக்குறிப்பு தங்கும். எக்ஸிஃபும் உரைக் குறிப்பும் போயிடும். ஊர் பேர், படி எடுத்த தேதி எல்லாம் பிஎன்ஜிக்குள்ள எழுதியிருந்தா முதல்ல ஒரு சிஎஸ்வில எடுத்து வெச்சுக்கோங்க. பிக்சல் மாறலைங்கிறதுக்கு சாட்சி வேணும்ல, இமேஜ்மேஜிக்கோட கம்பேர்ல 'ஏஈ' அளவை (மாறின பிக்சல் எண்ணிக்கை) 0 வரணும். சிஐல (தானியங்கிச் சோதனைல) இதைக் கட்டாயமாக்குங்க.

ஊத்தங்கரை_வெப்பி:
வெப்பி லாஸ்லெஸ் பெரும்பாலும் பிஎன்ஜியைவிடச் சிறுசாத்தான் வரும், ஆண்ட்ராய்டு 4.3ல இருந்தே திறக்கும். மூணு இடத்துல மாட்டிக்குவீங்க.

வெப்பிக்கு மாத்துற சிவெப்பி கருவில 'லாஸ்லெஸ்' விருப்பத்தை மறந்தா தரம் 75ல இழப்போட எழுதிடும், எச்சரிக்கையும் வராது. ரெண்டுக்கும் கோப்பு நீட்டிப்பு ஒண்ணுதான், பார்த்தா தெரியாது. 'நியர் லாஸ்லெஸ்' பேர்ல ஏமாறாதீங்க, அதுவும் இழப்புதான். ரெண்டாவது, ஒரு பக்கம் 16383 பிக்சலுக்கு மேல போகாது. 300 டிபிஐல அது சுமார் 4 அடி 6 அங்குலம். உயரமான கல்லோட மைப்படியைத் துண்டு துண்டா ஸ்கேன் பண்ணி ஒட்டினா தாண்டிடும். மூணாவது, சேனலுக்கு 8 பிட்தான். 16 பிட் ஸ்கேன் இருந்தா பிஎன்ஜிலயே விடுங்க.

கேமரா ஜேபெக்கை பிஎன்ஜியாவோ வெப்பி லாஸ்லெஸ்ஸாவோ மாத்தாதீங்க, பல மடங்கு வீங்கும், போன தரமும் வராது. ஜேபெக்டிரான் கருவில 'ஆப்டிமைஸ்', 'ப்ரோக்ரஸிவ்' போட்டா பிக்சல் மாறாம சில சதவீதம் குறையும். 'காப்பி நன்' சேர்த்தா ஜிபிஎஸ்ஸும் போகும். காட்டுல கேட்பாரில்லாம நிக்கிற கல்லுக்குத் துல்லியமான இடம் பொதுவுல எதுக்கு? காப்பகத்துக்கு மட்டும்னா ஜேபெக் எக்ஸ்எல் அருமை. ஜேபெக்கை சுமார் 20 சதவீதம் குறைச்சு, பழைய கோப்பை பைட் மாறாம திருப்பியும் தரும். ஆனா செயலில காட்டணும்னா அதோட நூலகத்தையும் உள்ள கட்டணும்.

பிடிஎஃப் பண்ணும்போது ஜேபிக்2ங்கிற கறுப்பு வெள்ளைச் சுருக்க முறை பக்கம் போனா குறியீட்டு மோடு வேண்டவே வேண்டாம். ஒத்த மாதிரி இருக்கிற உருவங்களை ஒரே உருவமா மாத்தி வெச்சிடும். 2013ல ஸ்கேன் நகல்கள்ல 6 இருந்த இடத்துல 8 வந்தது இந்த வழியிலதான். பிற்கால வட்டெழுத்துல ப, வ, ய எல்லாம் கண்ணுக்கே ஒண்ணு போல இருக்கும். அதை மென்பொருள்கிட்ட விட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

தகடூர்_நிரலர்:
நன்றிங்க. ரெண்டு மைப்படியை சாம்பல்ல திரும்ப எடுத்தேன், 5 எம்பி கிட்ட நிக்குது. இன்னொண்ணு: ஆக்ஸிபிஎன்ஜி 9 கேபி ஆக்கின ஐகான் ஏபிகேக்குள்ள (செயலியோட நிறுவல் கோப்பு) 11 கேபியா இருக்கு. ஏன்?

பர்கூர் கிளை:
ரிலீஸ் பில்டுல ஆண்ட்ராய்டு கருவி ட்ராவபிள் கோப்புறைல இருக்கிற பிஎன்ஜியை மறுபடி 'கிரஞ்ச்' பண்ணும், அதாவது தானே சுருக்கி எழுதும், நீங்க சுருக்கினது அதுல கெட்டுப்போகுது. கிரேடில் (பில்டு அமைப்பு) கோப்புல ரிலீஸ் பகுதிக்குள்ள கிரஞ்ச் பிஎன்ஜிஸ்ஸுக்கு 'ஃபால்ஸ்' குடுங்க. மைப்படிகளை அஸெட்ஸ்ல வெச்சிருந்தா இந்தத் தொல்லை அங்க வராது.