அன்னதானப் பட்டியலில் எங்கள் பெயர் எங்கே?

செல்வி: பங்குனி உத்திர அன்னதானப் பட்டியல் அனுப்பியிருக்கிறேன். நாளைக் காலை அச்சுக்குப் போகணும், பெயர் சரியா பாருங்கள்

தன்லின் அத்தை: எங்கள் வீட்டுப் பெயர் இல்லை

செல்வி: 7வது வரி அத்தை. நானே அடித்தேன்

தன்லின் அத்தை: 7 இருக்கு. பக்கத்தில் ஒன்றும் இல்லை

தன்லின் அத்தை: 3 லட்சம் கியாட் கொடுத்தவர்களைக் காணோம், கடன் சொன்னவர் பெயர் மட்டும் பளிச்சென்று இருக்கு

பெரியப்பா: யாரைச் சொல்கிறாய்?

கார்த்தி மாண்டலே: என் மேக் கம்ப்யூட்டரில் எல்லாப் பெயரும் தெரியுது

தன்லின் அத்தை: தெரியும்டா. சுமதி கல்யாணப் பத்திரிகையிலும் எல்லாருக்கும் தெரிந்தது, எங்களைத் தவிர

முத்து சித்தப்பா: அக்கா பொறு. கண் ஆபரேஷன் முடிந்து வெள்ளைத் திரை கூசுது என்றாயே, உன் விண்டோஸில் கறுப்புத் தீம் போட்டது நான்தான். பட்டியலைத் திறக்கிற லிப்ரே ஆபிஸ் மென்பொருளும் அதைப் பார்த்துத் தாளைக் கறுப்பாகக் காட்டும், 2023இல் வந்த 7.5 பதிப்பிலிருந்துதான் இது ஒழுங்காக நடக்குது. எழுத்து நிறம் ஆட்டோமேட்டிக் என்றிருந்தால் தானே வெள்ளையாகிவிடும். செல்வி அழகு பார்த்துச் சில வரிக்குக் கறுப்பையே கையால் பூசியிருக்கிறாள், அது மாறாது. கறுப்பில் கறுப்பு, எப்படித் தெரியும்? கார்த்தியுடையது வெள்ளைத் தீம், அதனால் தெரியுது

மீனா: 😂😂

பெரியப்பா: அப்போ தாளும் கறுப்பாக அடித்து வருமா? மை யார் காசு?

முத்து சித்தப்பா: இல்லை அண்ணா, தீம் திரையோடு சரி. தாள் வெள்ளைதான். அக்கா, டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மாற்றிப் பார். மேக்கில் இது டூல்ஸில் இருக்காது, மேலே லிப்ரே ஆபிஸ் என்ற பெயரை அழுத்தினால் பிரிஃபரன்ஸஸ். விண்டோஸுக்குப் பதில் நான் வைத்திருக்கிற உபுண்டுவில்

மீனா: சித்தப்பா உபுண்டுவை ஆரம்பித்துவிட்டார்

செல்வி: தீமை விடுங்கள், ஃபைலையே சரிசெய்கிறேன். என்ன பண்ணணும்?

முத்து சித்தப்பா: கன்ட்ரோல் ஏ, அப்புறம் எழுத்து நிறத்தில் ஆட்டோமேட்டிக்

செல்வி: முருகன் தலைப்பின் சிவப்பும் போய்விடுமே

பெரியப்பா: சிவப்பு இருக்கணும்

மீனா: அத்தோ நூடுல்ஸ் வாங்கப் போகிறேன், யாருக்கு வேணும்?

கார்த்தி மாண்டலே: எனக்கு 😭

தன்லின் அத்தை: 7வது வரியைத் தேய்த்துப் பார்த்தேன். மவுஸ் இழுத்ததும் பெயர் எழும்பி வந்தது

முத்து சித்தப்பா: அப்பாடா

தன்லின் அத்தை: ஆனால் ஏன் 7வது? போன வருஷம் 4

செல்வி: இங்கே கரண்ட் போச்சு. லேப்டாப்பில் 11% தான் இருக்கு

பெரியப்பா: அச்சகத்துக்கு யார் போகிறது?

மீனா: அத்தோ 4 சொல்லியிருக்கிறேன்