16 அங்குல அலாய் ரிம் மாட்டிய பிறகு 85 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது: என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
வணக்கம். என்னுடையது 2018 மாருதி டிசையர் கார், வி.எக்ஸ்.ஐ ரகம், பெட்ரோல். கம்பெனியிலிருந்து வந்தது 14 அங்குல இரும்பு ரிம், 165/80 டயர் (அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம்). டயர் தேய்ந்து மாற்ற வேண்டிய நேரம் வந்ததால், கையோடு அலாயும் போட்டுவிடலாம் என்று ஆசைப்பட்டேன். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு கடையில் 16 அங்குல அலாயும் 205/55 டயரும் மாட்டினார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும்போது 85-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பிக்கிறது. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து டிக்கியிலும் சாமான் இருந்தால் வேகத்தடையில் பின்சக்கரம் எங்கோ உரசுகிறது. பேலன்சிங் இரண்டு முறை, அலைன்மென்ட் ஒரு முறை பார்த்தாயிற்று. "புது டயர் சார், 500 கிலோமீட்டர் ஓடினால் பழகிவிடும்" என்கிறார் கடைக்காரர். 900 ஓடிவிட்டது.

நான்குவழி:
நடுக்கம் ஸ்டீயரிங்கில் மட்டுமா, இருக்கையிலும் தெரிகிறதா? ஸ்டீயரிங் என்றால் பெரும்பாலும் முன்சக்கரம், இருக்கை என்றால் பின்சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். பழைய ரிம்களைக் கடையிலேயே கொடுத்துவிட்டீர்களா? புது ரிம்மைக் கழற்றி, பின்பக்கம் வார்த்திருக்கும் எண்களையும் எழுதுங்கள்.

வைகைக்கரை:
ஸ்டீயரிங்கில் மட்டும்தான். பிரேக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. பழைய ரிம் நான்கும் மொட்டை மாடியில் கிடக்கின்றன. புது ரிம்மின் பின்னால் 16×7ஜே, இ.டி. 35, பி.சி.டி. (நட்டு ஓட்டைகளின் வட்டம்) 4×100 / 4×108, சி.பி. 73.1 என்று இருக்கிறது. நட்டுக்கு எட்டு ஓட்டைகள், நான்கைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பட்டறைத் தாத்தா:
தம்பி, அந்தக் கடைசி எண்ணில்தான், அதாவது சி.பி. என்ற நடு ஓட்டையின் விட்டத்தில்தான், விஷயம் இருக்கிறது. உங்கள் வண்டியின் ஹப்பில் (சக்கரத்தை மாட்டும் பாகம்) நடுவே துருத்திக்கொண்டிருக்கும் வட்டத்தின் விட்டம் 54.1 மி.மீ. கம்பெனி ரிம்மின் நடு ஓட்டையும் அதே அளவு என்பதால், மாட்டும்போதே சக்கரம் தானாக மையத்தில் உட்காரும். உங்கள் அலாயின் ஓட்டை 73.1. பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாகவே வார்த்து விற்கிறார்கள். சுற்றிலும் ஒன்பதரை மி.மீ. இடைவெளி. சக்கரத்தை மையத்தில் நிறுத்துவது இப்போது நான்கு நட்டுகள் மட்டுமே.

பேலன்சிங் ஏன் உதவவில்லை என்று கேட்பீர்கள். அந்த இயந்திரம் ரிம்மை நடு ஓட்டை வழியாகக் கூம்பு வைத்துப் பிடிக்கிறது. அங்கே மையம் சரியாக இருப்பதால் குறையே காட்டாது. வண்டியில் ஏற்றும்போதுதான் அரை மி.மீ. தள்ளி உட்காருகிறது. நூறு முறை பேலன்ஸ் செய்தாலும் இதே கதைதான்.

மாடியில் கிடப்பதில் டயர் இன்னும் மோசமாகாத இரண்டை முன்னால் மாட்டி, ஒரு நடை ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் நின்றால் சந்தேகமே வேண்டாம். பிறகு வெளிவட்டம் 73.1, உள்வட்டம் 54.1 உள்ள, அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் நான்கு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து தருவார்கள். ரிம்மின் ஓட்டையை அவர்களையே அளக்கச் சொல்லுங்கள். வார்த்த எண்ணை நம்பிக் கடைய வேண்டாம்.

சாம்பல் சிட்டி:
ஐயா சொல்வதில் சிறு திருத்தம். என் காரில் ரிங் இல்லாமலே நான்கு வருடமாக அலாய் ஓடுகிறது, நடுக்கம் இல்லை. கூம்பு நட்டே சக்கரத்தை மையத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே நான்கையும் கையால் திருகி, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஜாக்கை இறக்கிவிட்டுக் காற்றுத் துப்பாக்கியால் ஒவ்வொன்றாக முறுக்கினால் கோணலாகத்தான் உட்காரும்.

பட்டறைத் தாத்தா:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த முறை பஞ்சர் ஒட்டுபவர் அவ்வளவு பொறுமையாக இறுக்குவாரா? ரிங் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

நான்குவழி:
உரசலுக்கு வருகிறேன். பழைய ரிம் 5 அங்குல அகலம், ஆஃப்செட் (ரிம்மில் இ.டி. என்று இருப்பது; ஹப்பில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பது) 40 என்று வைத்துக்கொள்வோம். மாடிக்குப் போய்ச் சரிபாருங்கள். 7 அங்குலமாகும்போது இருபக்கமும் 25 மி.மீ. கூடுகிறது. ஆஃப்செட் 35 என்பதால் மொத்தச் சக்கரமும் இன்னும் 5 மி.மீ. வெளியே வருகிறது. ஆக, வெளிவிளிம்பு 30 மி.மீ. வெளியே, உள்விளிம்பு 20 மி.மீ. உள்ளே. குடும்பம் ஏறி ஸ்பிரிங் அமுங்கினால் டயர் மட்கார்டின் விளிம்பைத் தொடாமல் என்ன செய்யும்?

அளவும் சரியில்லை. 165/80 ஆர் 14 சக்கரத்தின் விட்டம் சுமார் 620 மி.மீ. உங்கள் 205/55 ஆர் 16 சுமார் 632. மீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட 2 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் போகிறீர்கள். 16தான் வேண்டுமென்றால் 195/55 எடுத்திருக்க வேண்டும், அது 621. கடையில் எது இருப்பில் இருந்ததோ அதை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

நானாக இருந்தால் 15 அங்குலம், 185/65தான் போடுவேன். 621.5 மி.மீ. இதே டிசையரின் உயர் ரகமான இசட்.எக்ஸ்.ஐ-க்குக் கம்பெனியே கொடுத்த அளவு. பக்கச்சுவர் 120 மி.மீ. இருப்பதால் பள்ளத்தில் விழுந்தாலும் ரிம் எளிதில் வளையாது. டயரின் சுமை எண் 85-க்குக் குறையக் கூடாது; 85 என்றால் ஒரு டயருக்கு 515 கிலோ. வண்டியைக் கம்பெனி அளவுக்கு மாறாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மறக்காதீர்கள். எதைப் போட்டாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

வைகைக்கரை:
பதினோரு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இரும்பு ரிம் இரண்டை முன்னால் மாட்டியதும் நடுக்கம் அடியோடு நின்றது. லேத்தில் ரிங் கடைந்து, சக்கரம் தொங்கும் நிலையில் நானே நின்று இறுக்கச் சொன்னேன். ஞாயிறன்று கோவில்பட்டி வரை போய்வந்தேன். 100-இலும் ஸ்டீயரிங் அசையவில்லை. தாத்தாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி.

உரசல் மட்டும் அப்படியே இருக்கிறது. மட்கார்டு விளிம்பை மடக்கித் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் நஷ்டப்பட்டாலும் இதைக் கொடுத்துவிட்டு 15-க்கு மாறிவிடுகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: ஸ்டெப்னி பழைய 14 இரும்புதான். அவசரத்துக்கு அது போதுமா?

பட்டறைத் தாத்தா:
185/65 போட்டால் விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பஞ்சர் கடை வரை தாராளமாகப் போகலாம். ஆனால் அலாய்க்கென்று வேறு நட் கொடுத்திருந்தால் அது இரும்பு ரிம்மில் சரியாக உட்காராது. பழைய நட்டு நான்கை ஒரு துணியில் கட்டி ஸ்டெப்னிக்குள்ளேயே போட்டு வையுங்கள். தொலைத்துவிட்டுப் பக்கத்தில் ஹோண்டா சிட்டி கார் வைத்திருப்பவரிடம் கடன் வாங்காதீர்கள். அதன் புரிகளின் இடைவெளி 1.5 மி.மீ., உங்களுடையது 1.25. இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் போல்ட்டையே தின்றுவிடும்.