பழைய சிபி750: இடது ஃபோர்க் கால் அசையவே இல்லை, எப்படி விடுவிப்பது?

கேள்வி:

வணக்கம். 1970களில் வந்த ஹோண்டா சிபி750 மோட்டார் சைக்கிள் ஒன்றை மீண்டும் ஓட வைக்க முயன்று வருகிறேன். பல வருடங்கள் ஈரமான இடத்தில் நகராமல் நின்ற வண்டி. முன் வீலைத் தாங்கும் ஃபோர்க்கில் வலது கால் நன்றாக ஏறி இறங்குகிறது. இடது காலில் பாட்டம் கேஸ் (பைப்பின் மேல் ஏறி இறங்கும் அடி உறை) பைப்போடு ஒட்டியது போல் இறுகிவிட்டது. பிரேக்கைப் பிடித்து முழு எடையையும் போட்டு அழுத்தினாலும் ஒரு நூல்கூட இறங்கவில்லை.

வீலும் பிரேக் காலிப்பரும் கழற்றியாயிற்று. தூசி மறைப்பைத் தூக்கிப் பார்த்தால் ஆயில் சீலுக்கு மேலே பைப்பில் வளையம் போலத் துரு. துரு இளக்கும் ஆயிலை அங்கே தினமும் விட்டு வருகிறேன், பலன் இல்லை. அடியில் உள்ள அலன் போல்ட்டைத் திருப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே வரவில்லை. காலைக் கழற்றி வைஸில் கட்டி அடித்து எடுக்கலாமா?

பதில்:

தயவு செய்து அடிக்க வேண்டாம், காலையும் இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். இந்த வேலைக்கு வண்டியில் இருக்கும் இரண்டு கிளாம்புகளைவிட நல்ல வைஸ் கிடைக்காது. பைப்பின் முழுச் சுற்றையும் நசுக்காமல் பிடித்திருப்பவை அவைதான். பெஞ்ச் வைஸில் வெறும் பைப்பைக் கட்டினால் பைப் நீள்வட்டமாகிவிடும்.

ஆயில் ஏன் பலிக்கவில்லை என்றால், அது உள்ளே போகவே இல்லை. சீலின் வேலையே திரவத்தைத் தடுப்பதுதானே? நீங்கள் விடும் ஆயில் சீலுக்கு மேலே குளம் கட்டி நிற்கிறது. பிடித்திருக்கும் இடமோ சீலுக்குக் கீழே. முதலில் சீலை மேலிருந்து பிடித்திருக்கும் வளையமான சர்க்ளிப்பை எடுங்கள். பிறகு சீலின் தகட்டு வளையத்தில் எதிரெதிராக இரண்டு சின்னத் துளை போட்டு, தானே மரை வெட்டும் ஸ்க்ரூ இரண்டை ஏற்றி, பிளையரால் மாறி மாறி இழுத்தால் சீல் வந்துவிடும். ட்ரில் பைப்பின் மீதும் கேஸின் உட்சுவரின் மீதும் படக் கூடாது, அது மட்டும் கவனம். சீல் போன பிறகு அதே ஆயிலை விட்டு ஓர் இரவு விடுங்கள்.

அப்புறம், இழுப்பதற்கு முன் திருப்புங்கள். துருப்பிடித்த இரண்டு உருளைகளைப் பிரிக்கத் திருகு விசைதான் சரி. இழுத்தால் துருத்தூள் ஆப்பு மாதிரி இறுகும், திருப்பினால் அரைபட்டு உதிரும். முன் ஆக்சிலை இடது கேஸின் அடியில் மட்டும் வைத்து அதன் மூடியை இறுக்கினால் அதுவே கைப்பிடி. இடம் வலமாகச் சிறிது சிறிதாக அசையுங்கள். நீளக் குழாய் மாட்டி நெம்ப வேண்டாம், மூடியின் ஸ்டட் முறிந்துவிடும்.

அலன் போல்ட்டை இப்போது தொட வேண்டாம். கேஸ் விடுபட்ட பிறகு பார்க்கலாம்.

இன்னொரு பதில்:

மேலே சொன்னது எல்லாம் சரி. சூட்டைப் பற்றி நானும் சேர்க்கிறேன். கேஸ் அலுமினியம், பைப் எஃகு. ஒரே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கேஸ் மட்டும் 100 டிகிரி கூடினால் 35 மி.மீ. துளை சுமார் 0.08 மி.மீ. பெரிதாகும். உள்ளே பைப்பும் அதே அளவு சூடேறிவிட்டால் மிஞ்சுவது 0.04தான். அதனால் ஹீட் கன்னை கேஸின் மேல் பகுதியில் சுற்றிச் சுற்றிக் காட்டி, தண்ணீர் தெளித்தால் சீறும் நிலை வந்ததும் உடனே திருப்பிவிட வேண்டும். மெல்ல மெல்ல நேரம் கடத்தினால் ஆதாயம் போய்விடும்.

அதற்கு முன் வடிகால் ஸ்க்ரூவை எடுத்து ஆயிலை முழுவதும் வடித்துவிட்டு, துளையைத் திறந்தே வையுங்கள். மூடிய காலுக்குள் சூடான ஆயிலும் காற்றும் அடைபட்டால் ஆபத்து. துரு இளக்கும் ஆயில் தீப்பிடிக்கும், நன்றாகத் துடைத்த பிறகே சூடு. நேரடிச் சுடர் வேண்டவே வேண்டாம்.

பைப்பின் மேல் மூடியையும் திறக்காதீர்கள், அதன் அடியில் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது.

கேட்டவர்:

மிக்க நன்றி. சீலை எடுத்ததும் அடியில் செம்மண் போலத் துருத்தூள் கொட்டியது. ஆயில் விட்டு ஊற வைத்து, சூடு காட்டித் திருப்பினேன். ஒரு சத்தம் கேட்டது, இப்போது இடம் வலமாகக் கொஞ்சம் திரும்புகிறது. ஆனால் மேலும் கீழும் வர மறுக்கிறது.

பதில்:

திரும்புகிறது என்றால் பாதி வேலை முடிந்தது. இனி கிரீஸ் கன்.

வடிகால் துளையின் மரையை அளந்து பாருங்கள். 6 மி.மீ. என்றால் அதே அளவு கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் கன்னை மாட்டும் சின்ன முனை) எளிதில் கிடைக்கும். அதை ஏற்றி, மேல் மூடி இறுக்கமாக இருப்பதை உறுதி செய்து, கிரீஸை மெல்ல அடியுங்கள். பைப்பின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 9.6 சதுர செ.மீ. உள்ளே 100 பார் அழுத்தம் ஏறினால் ஒரு டன் அளவு விசை கேஸைக் கீழே தள்ளும். கையால் இழுத்து அதில் கால்வாசிகூட வராது.

கேஸ் நகரத் தொடங்கியதும் பம்ப் அடிப்பதைக் குறைத்து, நடுநடுவே திருப்பிக்கொண்டே இருங்கள். கால் முழுதாக நீண்ட பிறகும் அடித்தால் உள்ளே இருக்கும் டேம்பர் ராடும் (அதிர்வைத் தணிக்கும் தண்டு) அடிப் போல்ட்டும்தான் அத்தனை விசையையும் தாங்க வேண்டிவரும். வலது காலின் முழு நீட்டத்தை முன்பே அளந்து, அதற்கு ஓர் அங்குலம் முன்னால் நிறுத்திவிடுங்கள்.

கிரீஸுக்குப் பதில் கம்ப்ரசர் காற்று என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிரீஸ் அமுங்காது, விடுபட்டதும் அழுத்தம் அப்படியே இறங்கிவிடும். காற்று விடுபட்டால் கேஸ் குண்டு போலப் பறக்கும்.

கேட்டவர்:

வந்துவிட்டது! கிரீஸ் அடிக்க அடிக்க முதலில் ஒன்றுமில்லை, பிறகு கரகரவென்று இறங்கத் தொடங்கியது. சொன்ன அளவில் நிறுத்தி, நிப்பிளை எடுத்து அழுத்தத்தை விட்டேன். இப்போது கையாலேயே ஏறி இறங்குகிறது. அந்தச் சுற்றும் அலன் போல்ட்டை எப்படி எடுப்பது?

இன்னொரு பதில்:

போல்ட் ஏறியிருக்கும் டேம்பர் ராடும் கூடவே சுற்றுவதால்தான் அது வரவில்லை. மேல் மூடியும் ஸ்பிரிங்கும் இருக்கும்போதே எடுங்கள். ஒருவர் கேஸை மேலே அழுத்திப் பிடிக்க, ஸ்பிரிங் டேம்பர் ராடை இறுக்கும். அந்த நேரம் இம்பாக்ட் ரெஞ்சால் சட்டென்று ஓர் அடி கொடுத்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். அப்படியும் சுற்றினால் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, முனை சீவிய நீளமான மரக்கம்பை மேலிருந்து ராடின் தலைக்குள் குத்தி அழுத்திப் பிடித்துக் கழற்றலாம். மூடியைக் கழற்றும்போது மேல் கிளாம்பின் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள், அது மூடியின் மரையையும் சேர்த்து நெரிக்கிறது. முகத்தை மேலே கொண்டுபோகாதீர்கள்.

பைப்பைச் சுத்தம் செய்ததும் சீல் ஓடும் பகுதியை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் குழிகள் அங்கே இருந்தால் புதுச் சீல் சீக்கிரமே கிழியும். மறு குரோம் அல்லது வேறு பைப், இரண்டில் ஒன்றுதான். கிளாம்புக்குள் மறையும் இடத்தில் குழி இருந்தால் கவலை இல்லை. உள்ளே ஏறிய கிரீஸை மண்ணெண்ணெயால் முழுவதும் கழுவிவிடுங்கள், டேம்பர் ராடின் சின்னத் துளைகளில் தங்கினால் டேம்பிங் கெடும். அடிப் போல்ட்டுக்குப் புதுக் காப்பர் வாஷர் போடுங்கள். வலது காலின் சீலையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், அதுவும் இதே வயதுதான்.