உதவி: தினமும் தண்ணீர் ஊற்றியும் புதிதாக நட்ட மாங்கன்று வாடுகிறது

பின்கட்டு | மே 9, காலை 6.50
அவசரம். போன வாரம் கன்று வாங்கி வந்து நட்டேன். மா ஒன்று, செம்பருத்தி இரண்டு. காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன், பாத்தி ஈரமாகத்தான் இருக்கிறது. அப்படியும் மாவில் இலை தொங்கி ஓரம் கருகுகிறது. செம்பருத்தி மொட்டெல்லாம் உதிர்ந்துவிட்டது. அப்பா நினைவாக வைத்த மரம், போய்விடக் கூடாது. என்ன மருந்து அடிக்கலாம்?

வேலியோரம் | காலை 7.15
மருந்து இருக்கட்டும். எந்த ஊர், என்ன மண்? ஒட்டுக்கன்றா, விதைக்கன்றா? கிணற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா? ஒரு படம் போடுங்கள்.

நீர்மோர் | காலை 7.40
ஓரம் கருகுகிறது என்றாலே உப்புத் தண்ணீர்தான். எங்கள் வீட்டில் போர் தண்ணீர் பாய்ச்சிய கொய்யா இப்படித்தான் நுனியிலிருந்து காய்ந்து வந்தது. அரை லிட்டர் பிடித்துப் போய் அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள், தண்ணீரும் பார்ப்பார்கள்.

புண்ணாக்கு_மூட்டை | காலை 8.05
கரையானாக இருக்கும். காய்ந்த நிலத்தில் ஈரம் கண்ட இடத்துக்கு வரும். தண்டின் அடியில் மண்பூச்சு தெரிகிறதா பாருங்கள். வேப்பம் புண்ணாக்கு ஒரு கை போட்டுக் கிளறிவிடுங்கள்.

பழைய_தோட்டக்காரன் (மூத்த உறுப்பினர்) | காலை 9.30
வருடா வருடம் மே மாதம் இதே கேள்வி. மே 4-இல் அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது என்பது காலண்டர் பார்க்கிற எவருக்கும் தெரியும். ஆடிக்குப் பிறகு மழையை ஒட்டி நட வேண்டிய கன்றை இப்போது நட்டுவிட்டு மருந்து கேட்டால் யார் என்ன சொல்வது? முதலில் பழைய இழைகளைப் படியுங்கள்.

வேலியோரம் | காலை 9.50
ஐயா, அவர் நட்டாயிற்று. இனி பிடுங்கி ஆடி வரை கையில் வைத்திருக்க முடியாது. தண்ணீர் வசதி இருந்தால் கோடையிலும் கன்று பிடிக்கும். எங்கள் வீட்டு நந்தியாவட்டை சித்திரையில் நட்டதுதான்.

பின்கட்டு | காலை 11.20
சாத்தூர் பக்கம். கரிசல். ஒட்டு, இமாம்பசந்த். போர் தண்ணீர், ஆனால் பக்கத்திலேயே முருங்கை அதே தண்ணீரில் நன்றாக இருக்கிறது. கரையான் இல்லை. படம் மாலையில்.

நீர்மோர் | பகல் 11.35
முருங்கை உப்பைத் தாங்கும், மா தாங்காது. அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்னொன்று, உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். இலைமேல் நிற்கும் துளி பூதக்கண்ணாடி மாதிரி எரித்துவிடும்.

நாற்றங்கால் | பகல் 12.10
துளி எரிக்கும் என்பது சரியில்லை. 2010-இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் சோதித்து வெளியிட்டார்கள். வழவழப்பான இலையில் கருகல் வரவில்லை. மயிர் மூடிய மிதக்கும் பெரணியில்தான் வந்தது. மாவிலை வழவழப்பு. வாடி நிற்கிற கன்றுக்கு மணி பார்க்காமல் ஊற்றலாம். வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருகிற கொதிநீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

பழைய_தோட்டக்காரன் | பகல் 12.25
என் அனுபவம் 30 வருடம். உச்சி வெயிலில் யாரும் தண்ணீர் கட்டமாட்டார்கள்.

நாற்றங்கால் | பகல் 12.40
வயலுக்குச் சரி ஐயா, பாதி ஆவியாகிப் போகும். நான் சொன்னது ஒற்றைக் கன்றுக்கு. அதை விடுவோம், பின்கட்டு அவர்களிடம் முக்கியமாக ஒன்று கேட்க வேண்டும். தண்ணீரை எந்த இடத்தில் ஊற்றுகிறீர்கள்? தண்டருகே மண் அணைத்து மேடாக்கியிருக்கிறீர்களா?

பின்கட்டு | மாலை 5.05
ஆமாம், நன்றாக அணைத்தேன். ஒரு முழம் தள்ளி வட்டப் பாத்தியில்தான் ஊற்றுகிறேன். தண்டில் தண்ணீர் படக்கூடாது என்றார்களே.

நாற்றங்கால் | மாலை 5.30
அது வளர்ந்த மரத்துக்கு. உங்கள் கன்றுக்கு வேர் முழுவதும் பையிலிருந்து வந்த தாய்மண்ணுக்குள்ளேதான் இருக்கிறது, பாத்திக்கு இன்னும் வரவில்லை. அந்தச் செம்மண் கட்டி ஒருமுறை காய்ந்தால் சுருங்கி இறுகிவிடும், அப்புறம் தண்ணீர் அதைச் சுற்றிக் கரிசலுக்குள் இறங்கும். கரிசல் சேறாக இருக்கும், கன்று தாகத்தில் நிற்கும். குடைக்கம்பியைத் தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி இறக்கிப் பாருங்கள்.

காய்ந்திருந்தால் மேட்டைக் கலைத்துவிடுங்கள், ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதே கம்பியால் தாய்மண்ணில் ஐந்தாறு துளை போட்டு, ஒரு குடத்தைச் சொட்டுச் சொட்டாக அரை மணி நேரம் இறங்க விடுங்கள். மேற்குப் பக்கம் தென்னங்கீற்று சாய்த்துக் கட்டுங்கள். சருகை மூடாக்காகப் போட்டு, தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடுங்கள். புதுத் தளிர் வரும்வரை உரம், சாணம், மருந்து எதுவும் வேண்டாம். இலை உதிர்ந்தாலும் பிடுங்கிவிடாதீர்கள். நகத்தால் பட்டையைச் சுரண்டினால் பச்சை தெரிகிறவரை உயிர் இருக்கிறது.

வேலியோரம் | மாலை 5.45
தண்ணீரைப் பரிசோதிப்பதும் நல்லதுதான், விட்டுவிட வேண்டாம். ஒட்டுக்கட்டிய பாலித்தீன் நாடா இன்னும் இருக்கிறதா? இருந்தால் தண்டை இறுக்கும்.

பின்கட்டு | மே 10, காலை 7.10
கம்பி இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்கவில்லை. நுனியில் ஒட்டி வந்தது செங்கல் பொடி மாதிரி மண், ஈரமே இல்லை. கைவிரலை ஒரு சாண் தள்ளி வைத்தால் சேறு. துளை போட்டு ஊற்றினேன், இரண்டு குடம் இழுத்தது.

புண்ணாக்கு_மூட்டை | மே 13
இப்போது எப்படி இருக்கிறது?

வேலியோரம் | மே 19
செம்பருத்தியும் பிழைத்ததா? படம் போடுங்கள்.

பின்கட்டு | ஜூன் 2, இரவு 9.40
மன்னிக்கவும், வேலை. பழைய இலை நிறைய கொட்டிவிட்டது. நேற்று நுனியில் செம்பு நிறத்தில் நாலு தளிர். நாடாவையும் அறுத்துவிட்டேன். நாற்றங்கால் அண்ணனுக்கு நன்றி. செம்பருத்தி ஒன்று போய்விட்டது.