தீவுகளைக் குலைத்த கீரி நம் மலையில் மட்டும் ஏன் அடங்கியிருக்கிறது?

கேள்வி: கோத்தகிரி வாசகர்

கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிப்பதற்காக 1872இல் கல்கத்தாவிலிருந்து ஜமைக்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட கீரிகளும், அங்கிருந்து 1883இல் ஹவாய் சென்ற அவற்றின் வழிவந்தவையும், தரையில் கூடு கட்டும் பறவைகளைச் சூறையாடின என்று படித்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் கீரிகள் திரிகின்றன. காட்டுக்கோழியும் அதே புதர்களில்தான் முட்டையிடுகிறது. பிறகு அங்கு மட்டும் ஏன் அந்த அழிவு? 'வானத்துத் தீவுகள்' எனப்படும் நம் சோலைக்காடுகளுக்கும் இந்த ஆபத்து உண்டா?

பதில் 1: குன்னூர் ஆசிரியர்

ஐயா, முதலில் ஒரு திருத்தம். கடல் கடந்து சென்றது வடஇந்தியாவின் சிறிய கீரி. நாம் இங்கு காண்பவை சாம்பல் கீரி, செங்கீரி, கழுத்தில் கறுப்புக் கோடுள்ள பெரிய கீரி ஆகியவை. ஆனால் காரணம் அதுவன்று. நம் காட்டுக்கோழி கீரி, பாம்பு, மரநாய், காட்டுப்பூனை ஆகிய அனைத்தோடும் வாழ்ந்து பழகிய இனம். ஹவாயின் நேநே வாத்தோ அப்படிப் பழகாதது; தரையில் கூடு கட்டுவதோடு, குஞ்சு வளர்க்கும் காலத்தில் இறகு உதிர்த்துப் பறக்கவும் இயலாமல் இருக்கும். அதே ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் கீரி நிலைகொள்ளாத கவாய் என்ற தீவில் அந்த வாத்துகள் செழித்திருப்பதே இதற்குச் சான்று. மேலும் கீரி பகலில் வேட்டையாடும், எலியோ இரவில் நடமாடும். இதைக்கூட எண்ணிப் பார்க்காமல்தான் விட்டிருக்கிறார்கள். ஜப்பானின் அமாமி ஓஷிமா தீவில் 1979இல் ஹாபு என்ற நச்சுப்பாம்பை ஒழிக்கச் சுமார் முப்பது கீரிகளை விட்டபோதும் இதே கதைதான், ஏனெனில் அந்தப் பாம்பும் இரவில் இரை தேடுவது. அவை அத்தீவிலும் அருகிலுள்ள டோகுனோஷிமா தீவிலும் மட்டுமே வாழும் முயலை வேட்டையாடத் தொடங்கின. அந்தக் கீரிகள் முற்றிலும் ஒழிக்கப்பட்டதாக அரசு அறிவித்தது 2024இல்தான்.

பதில் 2: கொடைக்கானல் வாசகர்

சோலைகளைத் தீவுகள் என்பது இனங்கள் பிரிந்து வளர்ந்த வரலாற்றைப் பொறுத்தவரை சரியே: பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் உள்ள சோலைக்கிளி என்னும் சிறு பறவையும் தெற்கே பழனி மலையில் உள்ளதும் வெவ்வேறு இனங்கள். ஆனால் இரைதின்னிகளுக்கு இவை தீவுகள் அல்ல. சோலைக்கும் சோலைக்கும் நடுவே இருப்பது கடலன்று, கீரியும் மரநாயும் நடந்து கடக்கும் புல்வெளி. கறுப்பெலிகூட நம் துணைக்கண்டத்திலிருந்து உலகெங்கும் பரவிய விலங்கு. 1918இல் மகாம்போ என்ற கப்பல் தரைதட்டியபோது ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் இறங்கிய எலிகள், அங்கு மட்டுமே வாழ்ந்த சில பறவையினங்களைச் சில ஆண்டுகளிலேயே இல்லாமலாக்கின. இங்கே எனக்குக் கவலை தருபவை எலிகள் அல்ல, விடுதிகளின் குப்பையை நம்பிப் பெருகி, சோலை ஓரம் வரை செல்லும் நாய்களும் வீட்டுப் பூனைகளும்தான்.

பதில் 3: ஊட்டி வாசகர்

வந்தேறிய விலங்கு உள்ளூர் இனத்தை அழிக்கக் கொன்று தின்பது ஒன்றே வழியன்று. அயர்லாந்தில் புதிதாக நுழைந்த ஒரு பெரிய மூஞ்சூறு பரவிய இடங்களிலெல்லாம், அங்கு முன்பே வாழ்ந்த சிறு மூஞ்சூறு மறைந்துவருகிறது. அது வந்திருப்பதே 2007இல் ஆந்தைகளும் வல்லூறுகளும் கக்கிய எலும்பு உருண்டைகளிலிருந்துதான் தெரியவந்தது. கோத்தகிரி நண்பரே, உங்கள் பக்கத்துப் பழைய கட்டடம் எதிலாவது கூகை தங்கியிருந்தால், அதன் அடியில் கிடக்கும் உருண்டைகளைப் பிரித்துப் பாருங்கள். எந்த எலி, எந்த மூஞ்சூறு அங்கே வாழ்கிறது என்பதைப் பொறி வைக்காமலேயே அறியலாம். கையுறை அணிந்துகொள்ளுங்கள்.